ஜீவராணி எழுதாமல் விட்ட பாலம்

தன்னுடைய எழுத்தைக் கண்டே ஒருத்திக்கு ஈரக்குலை நடுங்கும் என்று ஜீவராணி அதுவரை நினைத்ததில்லை.

தை மாதத்துக் காலை. மெதகல நகரசபையின் தீயணைப்பு நிலையத்தில், அவளுடைய தொலைபேசி மேசைக்கு முன்னால், பஜார் துணிக்கடை முதலாளியின் மகன் பிரதீபன் ஒரு பெரிய தாளை விரித்தான். வழவழப்பான தாள். மூலையில் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாளம். தாள் முழுக்க மலைகள், தோட்டப் பாதைகள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், பாலங்கள். தண்ணீர் பவுசர் திரும்ப முடியாத முடக்குகளில் சிவப்புப் புள்ளி. தண்ணீர் பிடிக்கக்கூடிய பீலிகளில் நீலப் புள்ளி. சங்கிலி போட்டுப் பூட்டுகிற தோட்டத்துக் கேட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைக் காவல் காக்கிற வாச்சருடைய பெயரும் போன் நம்பரும்.

எல்லாம் அவளுடைய எழுத்து. வால் நீண்ட ‘ழ’ முதற்கொண்டு.

“இது…” என்றாள். 

“உங்க மேப்புத்தான் ஜீவாக்கா” என்றான் பிரதீபன், பரிசு கொடுக்க வந்தவனைப் போல. “கம்ப்யூட்டர்ல ஏத்தி கலர் போட்டுருக்கோம். எழுத்த மட்டும் மாத்த மனசு வரல. அவ்வளவு வடிவா இருந்துச்சு.”

“இது எப்படிப்பா ஒங்க கைக்கு வந்துச்சு?”

“நீங்கதானே அனுப்புனீங்க. மனுவோட. அதுல ஒரு பிரதி சுத்திச் சுத்தி எங்க ஆபீசுக்கு வந்துச்சு.”

எங்க ஆபீஸ் என்று அவன் சொன்னது, மெதகல நகரத்தின் தீயணைப்புச் சேவையைப் பத்து வருடங்களுக்குத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்த தனியார் கம்பெனியை. அதற்கு இந்தப் பகுதி மேலாளராக அவன் சேர்ந்து இரண்டு மாதமாகியிருந்தது. எந்தக் கம்பெனியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சி ஜீவராணி அந்த மனுவை எழுதினாளோ, அதே கம்பெனி அவள் எழுத்தைத் தன் கொடியாகப் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்கே வந்து நின்றது.

இப்படி ஒரு அடி விழும் என்று தெரிந்திருந்தால், அவள் அந்த ஒன்றரை மாதம் கண்விழித்து உட்கார்ந்து ஒரு கோடுகூடப் போட்டிருக்க மாட்டாள்.

ஜீவராணிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆர்ட்மோர் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா கவ்வாத்து வெட்டினார். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டெலிபோன் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் மகனோடும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மனைவியோடும் பேசுவதற்காக மலையெல்லாம் இறங்கி அந்தக் கடைக்கு வரும். அழுகிறவர்களை ஒரு வார்த்தையில் நிறுத்தி, நம்பரை வாங்கி, விஷயத்தைச் சுருக்கிப் பேச வைக்க அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். சிங்களத்தையும் அங்கேதான் கற்றாள். ஊரெல்லாம் கைபேசி வந்து கடை மூடப்பட்டபோது, நகரசபை அவளைத் தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசிக்கு எடுத்துக்கொண்டது. அமய ஊழியர், அதாவது தற்காலிகம் என்று. ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம். அந்த ஆறு மாதம் முடிந்தால் இன்னொரு கடிதம். அப்படியே பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

அவள் வேலை உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் சூடு தெரியும். லயத்தில் பிடிக்கிற தீ மற்ற தீயைப் போன்றதல்ல. ஒரே கூரை, ஒரே உத்தரம். ஒரு குடும்பம் இருக்கிற காம்பராவில் பற்றினால் மரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடிப் பன்னிரண்டு காம்பராவையும் விழுங்கிவிடும். போனில் பேசுகிறவன் அலறுவான். “எரியுதுங்க, எரியுதுங்க” என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வராது.

“அழுவாதீங்க அண்ணே. எந்தத் தோட்டம்? மேக்கணக்கா, கீழ்க்கணக்கா? லயத்துக்கு மேல கோயில் இருக்கா, புள்ளைங்கள பாத்துக்கிற மடுவம் இருக்கா?”

இந்த மூன்று கேள்வியில் அவளுக்கு இடம் தெரிந்துவிடும். எந்தப் பாதையில் பவுசரை அனுப்புவது, எந்த வாச்சரை எழுப்பிக் கேட்டைத் திறக்கச் சொல்வது, தண்ணீர் தீர்ந்தால் எந்தப் பீலியில் பிடிப்பது எல்லாம் அவள் வாயிலிருந்து வரும். பவுசரை ஓட்டுகிற யோகேஸ்வரன் அதைக் கைபேசியில் கேட்டபடியே கியரை மாற்றுவார். இருபத்தெட்டு வருடம் பவுசரின் சக்கரத்தைப் பிடித்த மனிதர். நிலையத்தில் பதினொரு பேர். மற்றப் பத்துப் பேருக்கும் அவர் ‘அண்ணே’. சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

அந்தச் சங்கம் பிறந்ததே ஒரு கையால்.

மூன்று வருடத்துக்கு முன்பு பஜாரில் துணிக்கடையின் மேல்மாடி எரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட முதலாளியை, அதாவது இந்தப் பிரதீபனின் அப்பாவை, தோளில் போட்டு இறக்கியவன் சின்னத்தம்பி. நிலையத்தில் இருந்த தீக்காப்பு அங்கிகள் மூன்று. அன்றைக்கு அந்த மூன்றும் வேறு தோள்களில் இருந்தன. சின்னத்தம்பி போட்டிருந்தது நெகிழி மழைக்கோட்டு. அது உருகி அவன் வலது கையோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். அமய ஊழியருக்கு விபத்து விடுமுறை கிடையாது என்று நகரசபை கடிதம் எழுதியது. இப்போது அவனால் அந்தக் கையின் மூன்று விரலை மடக்க முடியாது.

“கை போனாலும் போச்சு, தீபாவளிக்கு சேலையும் சர்ட்டும் வந்துருச்சுல்ல” என்று சின்னத்தம்பி கேலி பேசுவான். முதலாளி நன்றியாக எல்லாருக்கும் புதுத் துணி அனுப்பியிருந்தார். நல்ல மனிதர்தான். மகனும் கெட்டவனில்லை. அதுதான் ஜீவராணிக்கு அதிகமாக வலித்தது.

நிரந்தர நியமனம், ஆளுக்கு ஒரு அங்கி, காயம்பட்டால் வைத்தியம். இந்த மூன்றையும் கேட்டுத்தான் சங்கம் ஆரம்பமானது. போன வருடம் நாலாவதாக ஒன்று சேர்ந்தது: தீயணைப்பைத் தனியாருக்குக் கொடுக்காதே. கொடுத்தால் பதினொரு பேரும் வீட்டுக்கு. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“நம்ம வேலையோட பெறுமதிய காட்டணும் புள்ள” என்றார் யோகேஸ்வரன். “சும்மா கத்துனா கேக்க மாட்டானுங்க. நமக்கு என்ன தெரியும்னு எழுதிக் காட்டு.”

ஜீவராணி எழுதினாள். பதினைந்து வருடமாகத் தலைக்குள் இருந்ததை எல்லாம் ஒரு வரைபடமாக இறக்கினாள். ஐம்பத்தேழு கணக்குகள். நாற்பத்தொரு கேட்டுகள். அதை மனுவோடு இணைத்தார்கள். மனு என்றால் அதற்கு வால் நீளமாக இருக்க வேண்டும் என்பது மலையகத்துத் தொழிற்சங்கங்களின் வழக்கம். கடைசிப் பக்கத்தில் ‘பிரதிகள்’ என்று போட்டு, அமைச்சர் முதல் பிரதேச செயலாளர் வரை, யாருக்காவது ஒருவருக்கு இரக்கம் வராமலா போய்விடும் என்று வரிசையாக அனுப்புவது. நகரசபைத் தலைவரான தவிசாளருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று சின்னத்தம்பி கேட்டான். போதாது என்றவள் ஜீவராணிதான். பதினான்கு பிரதி. பதினான்கையும் போட்டோ கொப்பி எடுத்து, தானே தபால் கந்தோருக்குப் போய் முத்திரை ஒட்டி அனுப்பினாள். பதினான்கு பேரில் எவருக்கு இரக்கம் வந்ததோ தெரியாது. ஒருவருக்கு வியாபாரம் வந்தது.

பிரதீபன் வந்துபோன அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. ஜீவராணி தலை நிமிரவில்லை.

“பொண்ணு பாக்க வந்தவன் கையில தாலிய நாமளே செஞ்சு குடுத்த கத ஆயிருச்சு” என்றான் சின்னத்தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

“என்மேல தப்பு” என்றாள் ஜீவராணி.

“ஒன்மேல இல்ல. எழுதச் சொன்னவன் நானு.” யோகேஸ்வரன் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கரும்பலகையின் முன்னால் நின்றார். எந்தப் பாதை வெட்டுப்பட்டிருக்கிறது, எந்தக் கேட்டின் பூட்டு மாறியிருக்கிறது என்று ஒரு ஷிஃப்ட்காரர் அடுத்த ஷிஃப்ட்காரருக்கு எழுதிவைக்கும் பலகை. அவர் உள்ளங்கையாலேயே அதைத் துடைத்தார். “இனிமே ஒண்ணையும் எழுதாத புள்ள. பலகையிலயும் வேணாம், கொப்பியிலயும் வேணாம். எல்லாம் மண்டைக்குள்ள. மண்டைய எவனும் போட்டோ கொப்பி எடுக்க ஏலாது.”

பதினொரு கையும் உயர்ந்தன. சின்னத்தம்பியின் மடங்காத விரல்களும்.

அந்த முடிவு அன்று எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஏழைக்கு இருக்கிற ஒரே சொத்தை அவன் மடியில் முடிந்துகொண்டால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் மடியில் முடிந்த அந்த முடிச்சுக்குள் உயிர்களும் கிடந்தன என்பதை அப்போது ஒருவரும் எண்ணவில்லை.

வைகாசி முடிகிற நேரத்தில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை ஆர்ட்மோர் மேக்கணக்கின் வாச்சர் வைரவன் நிலையத்துக்குப் போன் பண்ணினார்.

“தங்கச்சி, தீயெல்லாம் ஒண்ணுமில்ல. ஆத்துப் பாலத்துக்குக் கீழ வெத்தல துப்ப எறங்குனேன். மேக்குப் பக்கத்துத் தூணு இருக்குல்ல, அது அடிமண்ணு அரிச்சு அந்தரத்துல நிக்குது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. கொழுந்து லொறி போவுது, ஆட்டோ போவுது. ஒங்க பவுசரு அந்த பாரத்தோட வந்துச்சுன்னா…”

“தொரைக்குச் சொன்னீங்களா அண்ணே?”

“எங்க கணக்கு வேலைய பாக்குற கண்டாக்கையாவுக்குச் சொன்னேன். தொரைக்கு எழுதி அனுப்புறேன்னாரு. நீ ஒங்க ஆளுகளுக்குச் சொல்லிரு.”

அன்றே அவளும் யோகேஸ்வரனும் போய்ப் பார்த்தார்கள். வைரவன் சொன்னது உண்மை. பாலத்தின் மேலே தார் அப்படியே இருந்தது, கைப்பிடிச் சுவர் அப்படியே இருந்தது. கீழே தூண் கொக்கைப் போல ஒற்றைக் காலில் நின்றது. இனிமேல் மேக்கணக்குக்குக் கோயில் பாதையால் சுற்றித்தான் போவது என்று முடிவு செய்தார்கள். இருபது நிமிடம் கூடுதல். வேறு வழியில்லை. மற்ற ஒன்பது பேருக்கும் வாயால் சொன்னார்கள். பலகையில் எழுதவில்லை. நகரசபைக்கும் எழுதவில்லை. தோட்டத்துப் பாலம், தோட்டம் பார்த்துக்கொள்ளும்.

திரும்பி வரும்போது யோகேஸ்வரன் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சொன்னார்: “பாத்தியா புள்ள. இது மேப்புல இல்ல.”

ஜீவராணி சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு மனம்விட்டு வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகப் பின்னால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றும் என்று அந்தப் பாவிக்கு அப்போது தெரியவில்லை.

ஆனி மாதம் நடுவில், ஒரு வியாழக்கிழமை, நகரசபை கூடியது. கம்பெனிக்குக் கொடுப்பதா இல்லையா என்று அன்றைக்கு வாக்கெடுப்பு. பதினாறு உறுப்பினர்கள். பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்திருந்தது சங்கத்தார் ஒன்பது பேர். இரண்டு பேர் நிலையத்தில் காவல்.

பிரதீபன் வெள்ளைச் சட்டையில் வந்தான். சுவரில் படம் விழுந்தது. ஜீவராணியின் வரைபடம், இம்முறை ஒரு ஆள் உயரத்துக்கு. அவன் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் பேசினான்.

“போன வாரம் ஆர்ட்மோர் மேக்கணக்குல ஒரு குசினி எரிஞ்சுச்சு. நம்ம நகரசபை வண்டி போய்ச் சேர முப்பத்தொரு நிமிஷம். குறையா சொல்லல. பழைய வண்டி, களைச்ச ஆளுங்க. ஆனா இந்தப் பாதைய பாருங்க.” அவன் கையிலிருந்த சிவப்பு வெளிச்சம் ஆற்றைத் தாண்டியது. “பதினொரு நிமிஷம். வாயால சொல்லல, செஞ்சு காட்டுறோம். நாளமறுநாள் சனிக்கிழம காலையில ஒத்திக. எங்க புது வண்டி, ஆறாயிரம் லீட்டர் தண்ணி, நாலு ஆளு. நீங்க எல்லாரும் மேக்கணக்கு லயத்துல நின்னு நேரத்த பாருங்க. தவறுனா ஒப்பந்தமே வேணாம்.”

முப்பத்தொன்று என்ற எண்ணைக் கேட்டு உறுப்பினர்களில் சிலர் சிரித்தார்கள். ஒருவர் சங்கத்தார் பக்கம் திரும்பி, “வழியில தேத்தண்ணி குடிச்சீங்களோ?” என்றார்.

ஜீவராணி சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. சிவப்பு வெளிச்சம் நின்ற இடத்தையே பார்த்தாள். ஆற்றுப் பாலம். அவள் கையால் போட்ட இரண்டு கோடு. பக்கத்தில் அவள் எழுத்தில், ‘பாரம் தாங்கும்’.

ஆறாயிரம் லீட்டர். நாலு ஆள்.

யோகேஸ்வரனின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. “பேசாத” என்றார். உதடு அசையவில்லை.

“அண்ணே… பாலம்…”

“தெரியும். பேசாத.”

“ஆளுங்க போறாங்கண்ணே.”

“பாலம் கொஞ்சம் ஆடும். பயந்து நிப்பாட்டிருவானுங்க. அதோட கம்பெனி கத முடிஞ்சுது. பதினொரு குடும்பம் புள்ள.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிரதீபன் அந்தத் தாளை விரித்த அன்று அவளுக்கு விழுந்தது ஒரு அடி. இது அடியல்ல. காலடி நிலமே விலகியது. எரிகிற லயத்துக்குள் ஒரு பிள்ளையின் தொட்டிலைத் தேடி இரண்டு முறை நுழைந்த மனிதர் இவர். தண்ணீர் நிறைந்த பவுசர் வழுக்கினால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் இவர். பாலம் ஆடி நிற்காது, உட்கார்ந்துவிடும் என்று இந்த மலையில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும். அந்தக் கண்களில் கோபமில்லை, வெறியுமில்லை. கணக்குப் போட்டு முடித்தவனின் அமைதி இருந்தது.

சுவரோரம் பிரதீபனின் நான்கு ஆட்கள் நின்றார்கள். புத்தம் புதிய அங்கி, ஆளுக்கு ஒன்று. சின்னத்தம்பிக்கு அன்று கிடைக்காத அங்கி. நால்வரில் ஒருவன் கழுத்துவரை ஏற்றியிருந்த ஜிப்பு மாட்டிக்கொள்ள, அதை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவன் அவனைத் தோளால் இடித்து ஏதோ சொன்னான். இருவரும் வாய்க்குள் சிரித்தார்கள்.

தவிசாளரின் தலைக்கு மேல் கடிகாரம் இருந்தது. போன் எடுத்தால் முதலில் நேரத்தைப் பார்ப்பது ஜீவராணியின் கைப்பழக்கம். பதினொன்று பன்னிரண்டு. பிரதீபன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பதினொன்று பதின்மூன்று. யாரோ தண்ணீர் கேட்டார்கள். தவிசாளர், “கேள்வி இல்லையென்றால் வாக்கெடுப்புக்குப் போவோம்” என்று சிங்களத்தில் சொன்னார். பதினொன்று பதினைந்து.

ஜீவராணி எழுந்தாள். யோகேஸ்வரனின் பிடியிலிருந்து கை எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

“பார்வையாளர்கள் பேச முடியாது” என்றார் தவிசாளர்.

“பேசலீங்க ஐயா. அந்தப் பாலத்துல வண்டிய ஏத்தாதீங்க. விழுந்துரும்.”

 அவள் அதையே சிங்களத்தில் மறுபடி சொன்னாள். தூண் அந்தரத்தில் நிற்பதையும், மேலே பார்த்தால் தெரியாது என்பதையும், தங்களுடைய வண்டி கோயில் பாதையால் சுற்றுவதையும், முப்பத்தொரு நிமிடம் ஏன் ஆனது என்பதையும் சொன்னாள். பின்னாலிருந்து சின்னத்தம்பியின் குரல் கேட்டது. “எல்லாத்தயும் குடுத்துட்டா. கடைசியா மிச்சமிருந்ததயும்.”

 பிரதீபன் கையிலிருந்த சிவப்பு வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. அதை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

எழுந்தவர் ஜெயந்தினி. உறுப்பினராவதற்கு முன் பதினேழு வருடம் கொழுந்து பறித்தவர். கம்பெனிக்குக் கை தூக்கச் சொல்லி அவருக்குக் கட்சியின் உத்தரவு இருந்தது ஊருக்கே தெரியும்.

“தம்பி, ஒண்ணு கேக்குறேன். அந்தப் பாலத்துப் பக்கம் போனீங்களா?”

“போகலீங்க. மேப்புல…”

“மேப்பு யாரு போட்டது?”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “இந்த அக்கா” என்றான். குரல் கம்மியிருந்தது.

“அப்ப நீங்க விக்க வந்தது என்ன தம்பி? வண்டியவா, இந்தப் பொம்பளயவா?”

வாக்கெடுப்பு நடக்கவில்லை. பழி தன் தலையில் விழுந்திருக்குமே என்ற பயம் தவிசாளரின் கழுத்தில் வியர்வையாக வழிந்தது. எல்லாப் பாதைகளையும் பாலங்களையும் பொறியியலாளர் பார்க்கும்வரை தீர்மானத்தை ஆறு மாதம் தள்ளிவைக்கிறோம் என்று எழுதச் சொன்னார். நிரந்தர நியமனம் பற்றியோ அங்கிகள் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாலத்தின் நிலை எப்போதிருந்து தெரியும் என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜீவராணி என்ன சொல்லியிருப்பாள்?

மறுநாள் காலை அவள் ஷிஃப்டுக்கு வந்தபோது, யோகேஸ்வரன் பவுசரின் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. சங்கத்தின் முத்திரையையும் உறுப்பினர் கொப்பியையும் அவள் மேசையில் ஏற்கெனவே வைத்திருந்தார்.

“வேற தலைவர பாத்துக்கங்க.”

“அண்ணே.”

“இருவத்தெட்டு வருஷமா ஆளுங்கள வெளிய தூக்குனவன் நானு. நேத்து நாலு பேர உள்ள தள்ளப் பாத்தேன். எவன் புள்ளைங்களோ. வீட்டுக்குப் போயி சோத்துல கை வைக்க முடியல. இந்தக் கையி என்னோடதுதானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

 அவள் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“மூணு நிமிஷம் அண்ணே” என்றாள்.

“என்னது?”

“நீங்க கையப் புடிச்சதுக்கப்புறம் மூணு நிமிஷம் நானும் பேசாமத்தான் இருந்தேன். கடிகாரத்த பாத்தேன். நீங்க புடிச்சது காரணமில்ல. உதறியிருக்கலாம். விழுந்தா விழட்டும்னு எனக்கும் வந்துச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் ஒரு லயத்தில் எத்தனை காம்பரா போகும் என்று அந்த நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“எந்திரிங்க” என்றாள் கடைசியில். “பாலத்த தோட்டம் அடைக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்க ஏலாது. பீப்பா கெடக்குல்ல பின்னால?”

இரவு ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஐந்து பேர் கூட வந்தார்கள். போன் மேசையில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு அவளும் ஏறினாள். சின்னத்தம்பி அவளோடு பேசவில்லை. ஆனால் பீப்பாயை உருட்டும்போது, மடங்காத கையால் மறுபுறம் பிடித்தது அவன்தான். பாலத்தின் இரண்டு பக்கமும் மண் நிரப்பிய பீப்பாய்களை நிறுத்திக் கயிறு கட்டினார்கள். ஒரு மரப்பலகையில் ஜீவராணி இரண்டு மொழியிலும் எழுதினாள்: வாகனம் போகக்கூடாது.

ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது கொழுந்து லொறி வந்து நின்றது. பின்னால் சாக்குகளுக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் தரணிதரன் இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டிய, எப்போதும் வாயில் பாட்டு இருக்கிற மனிதர்.

“என்னங்க இது, தீபாவளிக்கு வளைவு கட்டுறீங்களா? ஃபெக்டரிக்கு நேரமாச்சு.”

யோகேஸ்வரன் அவர் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போய்த் தூணைக் காட்டினார். மேலே வந்தபோது தரணிதரனின் முகத்தில் பாட்டு இல்லை.

“எப்ப இருந்து?”

யோகேஸ்வரன் வாயைத் திறந்தார். ஜீவராணி முந்திக்கொண்டாள்.

“இருவத்து மூணு நாளா.”

“ஒங்களுக்கு நேத்துத்தான் தெரிஞ்சதா?”

“இல்லீங்க. எங்களுக்குத் தெரிஞ்சு இருவத்து மூணு நாளு. எங்க வண்டிய சுத்தி ஓட்டுனோம்.”

தரணிதரன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். “ஒரு நாளைக்கு நாலு தடவ” என்றார். “மழை நாளையில கொழுந்தோட இருவது பொம்பளயாளுங்க. போன திங்கக்கெழம என் மகளும் ஏறுனா.” அருகிலிருந்த பீப்பாயின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.  முழங்கால்களை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லொறியின் மேலிருந்த பெண்கள் விஷயம் புரியாமல், “என்னண்ணே, எறங்கணுமா?” என்று கேட்டார்கள். 

“ஒங்க வேலைய காப்பாத்தத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களா?” என்றார் தரணிதரன். திட்டவில்லை. கேட்டார்.

“ஆமா.”

“காப்பாத்திட்டீங்களா?”

“ஆறு மாசத்துக்கு.”

அவர் தலையசைத்தார். அது மன்னிப்பா, வெறுப்பா என்று ஜீவராணிக்கு விளங்கவில்லை. எழுந்து போய்ப் பெண்களை இறங்கச் சொன்னார். ஒவ்வொருத்தியாகக் கூடையோடு இறங்கி, பாலத்தையும் பலகையையும் பார்த்துவிட்டு ஓரமாய் நின்றார்கள். அந்த இடத்தில் லொறி திரும்ப அகலமில்லை. கோயில் முடக்குவரை முக்கால் மைலும் பின்பக்கமாகவே ஏற வேண்டும். யோகேஸ்வரன் லொறிக்குப் பின்னால் போய் நின்று கையை உயர்த்தினார். தரணிதரன் கண்ணாடியில் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பலாமா என்று பார்த்தது போலிருந்தது. பிறகு ரிவர்ஸ் கியரைப் போட்டார்.